எண்ணாமல் விட்ட நான்கு சுற்றுகள்

படகு தண்ணீரில் ஓடுகிறது என்று நீங்கள் நம்பிக்கொண்டிருக்கிறீர்கள். உங்களை மட்டும் குறை சொல்லவில்லை. படித்தவர்கள், படிக்காதவர்கள், கடற்படையில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர்கள், எல்லோரும் அப்படித்தான் நம்புகிறார்கள். இந்த ஒரு நம்பிக்கையால் இந்த நாட்டில் எத்தனை படகுகள் வீணாகப் போயின என்பதற்குக் கணக்கே கிடையாது. பரிசல் தண்ணீரில் ஓடும். தெப்பம் தண்ணீரில் ஓடும். பந்தயப் படகு காற்றில் ஓடும். தண்ணீர் அதற்குத் தரை மாதிரி. அவ்வப்போது தொட்டுக்கொள்ளும், அவ்வளவுதான்.

பெட்டியில் என்ன என்றுதானே கேட்டீர்கள்? அதற்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கண்டக்டர், "கீபோர்டுங்களா சார், எங்க கச்சேரி?" என்று கேட்டார். அவருக்கும் இதைத்தான் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் டிக்கெட் கொடுக்கப் பின்னால் போய்விட்டார். நீங்கள் ஜன்னலோரம் இருக்கிறீர்கள், போக முடியாது. அந்த முனையைக் கொஞ்சம் உங்கள் முழங்காலில் வைத்துக்கொள்கிறீர்களா? நன்றி. உள்ளே இருப்பது இரண்டு கிலோதான். பெட்டிதான் கனம்.

மாடல் படகு. ரிமோட்டில் ஓடுவது. பொம்மை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சொன்னவர்களோடு நான் பேசுவதில்லை, அதனாலேயே பேசுவதற்கு ஆள் குறைந்துவிட்டது. மணிக்கு எண்பத்தைந்து கிலோமீட்டர் போகிற பொம்மையை எங்கே பார்த்திருக்கிறீர்கள்? இந்த பஸ் இப்போது எவ்வளவில் போகிறது, முப்பதா? அந்த வேகத்தில் என் படகும் மற்ற படகுகள் மாதிரி தண்ணீரில் கிடந்து உழலும். வேகம் ஏற ஏற எழுந்துவிடும். அடியில் இரண்டு மிதவைக் கால்கள் உண்டு, நடுவில் சுரங்கம் மாதிரி இடைவெளி. எண்பதைத் தொட்டதும் அந்தக் கால்களின் நுனியும், பின்னால் சுழல்கிற புரொப்பெல்லரில் பாதியும்தான் தண்ணீரில் படும். மீதிப் படகு பறக்கிறது. பறக்கிற ஒன்றை எது தடுக்கும்? காற்றுதான் தடுக்கும்.

காற்று என்றதும் எதிரே வந்து முகத்தில் அடிக்கிற காற்றை நினைப்பீர்கள். அதுவும் தவறு. எங்கள் கிளப்பில் ஒவ்வொருவரும் மூக்கைக் கூராக்கிக்கொண்டு வருகிறார்கள். ஊசி மாதிரி. காற்றைக் கிழிக்குமாம். காற்று என்ன துணியா கிழிக்க? முன்பக்கம் உருண்டையாக இருந்தால்கூட அது விலகி வழிவிட்டுவிடும், ரொம்ப நல்ல குணம் அதற்கு. சிக்கல் எல்லாம் பின்னால். வேகமாகப் போகிற பொருள் தான் இருந்த இடத்தைக் காலி செய்துவிட்டுப் போகிறது அல்லவா? அந்த இடத்தைக் காற்று ஓடிவந்து நிரப்ப வேண்டும். வால் மெதுவாகக் குறுகிப் போனால், காற்று ஒட்டிக்கொண்டே வந்து சேர்ந்துவிடும். வெட்டிவிட்டது மாதிரி முடிந்தால் சேர முடியாமல் அங்கேயே சுழன்றுகொண்டு நிற்கும். அந்தக் காலியிடம்தான் படகைப் பின்னுக்கு இழுக்கிறது. நம்பிக்கை இல்லையென்றால் இறங்கும்போது இந்த பஸ்ஸின் பின்கண்ணாடியைப் பாருங்கள். முன்கண்ணாடியில் நாலு பூச்சி ஒட்டியிருக்கும். ஊர்ப் புழுதி பூராவும் பின்னால்தான் இருக்கும்.

நான் பேசுவது புத்தகம் மாதிரி இருக்கிறதா? பாலிடெக்னிக்கில் வருஷக்கணக்காக நோட்ஸ் சொல்லிக்கொடுத்த வாய். இப்போது எழுதிக்கொள்ள யாரும் இல்லை, வாய்க்கு அது தெரியவில்லை.

நீங்கள் எங்கே போகிறீர்கள்? மனைவி பரீட்சை எழுதுகிறாரா? சரி. ஒரு மணிக்குத்தான் முடியும். அதுவரை பஸ்ஸில் சும்மா ஒரு சுற்றுப் போய்வரலாம் என்று ஏறினீர்கள். நல்லது. மிகவும் நல்லது. ஏன் நல்லது என்று நீங்கள் யோசிப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். இன்று பத்தரை மணிக்குள் எனக்கு ஓர் ஆள் வேண்டும். ஆள் இல்லாவிட்டால் ஓட்ட விடமாட்டார்கள். போன ஞாயிறும், அதற்கு முந்தின ஞாயிறும் பெட்டியோடு போய்ப் பெட்டியோடு திரும்பினேன். குளக்கரை வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மற்றவர்கள் ஓட்டுவதைப் பார்த்தேன். எல்லாம் ஊசி மூக்கு. பார்க்கச் சகிக்கவில்லை. இன்றும் ஆள் இல்லாமல் போனால் இந்த வருஷப் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிடுவார்கள்.

ஆள் எதற்கு என்றால், சுற்று எண்ணுவதற்கு. ஆவாரங்குட்டை என்று ஒரு குளம், கடைசி நிறுத்தத்திலிருந்து ஐந்து நிமிஷ நடை. அதில் இரண்டு மிதவை போட்டிருக்கும். அவற்றைச் சுற்றி ஆறு சுற்று. ஓட்டுகிறவன் தன் படகைவிட்டுக் கண்ணை எடுக்க முடியாது. எடுத்தால் போயிற்று, திரும்பிப் பார்ப்பதற்குள் படகு கோரைப்புல்லுக்குள் இருக்கும். அதனால் கரையில் நிற்கிறவர்கள்தான் எண்ண வேண்டும். விரலில் மாட்டிக்கொண்டு நாமம் ஜபிக்கிறார்களே, அந்தக் குட்டி மெஷின்தான் கையில். படகு கடக்கும்போதெல்லாம் ஓர் அமுக்கு.

முன்பெல்லாம் அவரவர் ஆள் அவரவர் படகை எண்ணுவார். ஒருமுறை ஒருவருக்கு அவர் மைத்துனர் எண்ணினார். நாலு சுற்று ஓடிய படகு ஏழு சுற்று ஓடி முடித்திருந்தது. அதற்குப் பிறகுதான் விதி வந்தது. ஓட்டுகிற ஒவ்வொருவரும் ஓர் எண்ணுபவரைக் கூட்டிவர வேண்டும். அவர் எண்ண வேண்டியது வேறொருவர் படகை. 'எண்ணுபவர் தமக்கு ஒதுக்கப்பட்ட படகைத் தவிர வேறெதையும் கண்ணெடுத்தும் பார்க்கலாகாது.' அழகான வாக்கியம் இல்லையா? நான் எழுதியது. 'கண்ணெடுத்தும்' வேண்டாம், மிரட்டுகிற மாதிரி இருக்கிறது என்று கமிட்டியில் சொன்னார்கள். நான் விட்டுக்கொடுக்கவில்லை.

எனக்கு எண்ணுபவராக வந்துகொண்டிருந்தவர் துரைவேலு. டவுன்ஹால் பக்கம் மூக்குக்கண்ணாடிக் கடை. ஞாயிறு தவறாமல் வருவார். மடக்கு நாற்காலி ஒன்று, பிளாஸ்கில் காபி. பந்தயம் முடிந்ததும் மரத்தடியில் உட்கார்ந்து நான் அன்றைய ஓட்டத்தை விளக்குவேன். காற்று எங்கே பிரிந்தது, எங்கே சேர்ந்தது, மகுடீஸ்வரன் படகு ஏன் குதிக்கிறது, எல்லாம். துரைவேலு மாதிரி கேட்கத் தெரிந்தவர் இந்த ஊரில் கிடையாது. குறுக்கே ஒரு வார்த்தை பேசமாட்டார். நடுநடுவே, "அப்படீங்களா" என்பார். அதைச் சரியான இடத்தில் சொல்வார். முப்பது வருஷம் பாடம் நடத்தியும் என் மாணவர்கள் ஒருவருக்கும் அது வரவில்லை.

அப்படிப்பட்டவருக்கு இந்த வருஷம் ஆனி மாதத்தில் ஒரு கெட்ட பழக்கம் வந்தது. குறுக்கே பேச ஆரம்பித்தார்.

நான் வாலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இவர் காபியை ஊற்றிக்கொண்டே, "சார், கடை வெசயமா ஒண்ணு சொல்லோணுங்க" என்கிறார். இன்னொரு ஞாயிறு, சுரங்கத்துக்குள் காற்று எப்படி அழுந்துகிறது என்று மணலில் கோடு போட்டுக் காட்டிக்கொண்டிருக்கிறேன், "பையன் ஓசூருக்கே வந்துருங்கப்பாங்கறான் சார்" என்கிறார். ஓசூருக்கும் சுரங்கத்துக்கும் என்ன சம்பந்தம்? நான் கோபப்படவில்லை. "அதைப் பிறகு பேசலாம், முதலில் இந்தக் கோட்டைப் பாருங்கள்" என்றேன். பார்த்தார். "அப்படீங்களா" என்றார். ஆனால் சரியான இடத்தில் சொல்லவில்லை.

அந்தச் சமயம் நான் புதுப் படகில் மூழ்கியிருந்தேன். ஆனி, ஆடி என்றால் எங்களுக்கு என்ன என்று உங்களுக்குத் தெரியாது, நீங்கள் இந்தப் பக்கத்துக்காரர் இல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேல்காற்று வரும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். பறக்காது. நான் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். ஆனால் மாடல் படகு பறக்கும். அக்கரை நேர்பாதையில் மேற்கே பார்த்துப் போகும்போது எதிர்க்காற்று அடிவயிற்றில் புகுந்து மல்லாத்திவிடும். ஒவ்வொரு ஆடியிலும் பாதிப் படகுகள் மல்லாந்துதான் கரைக்கு வரும். எல்லோரும் பயந்துகொண்டு அந்தப் பக்கம் வேகத்தைக் குறைப்பார்கள். குறைக்கத் தேவையில்லாத ஒரு படகைக் கட்டினால் என்ன? மூக்கை மழுக்கி, முதுகை வளைத்து, வாலை நீட்டி, எதிர்க்காற்று தூக்காமல் வழுக்கிக்கொண்டு போகிற படகு.

வீட்டில் ஆறு பேர் சாப்பிடுகிற மேஜை இருக்கிறது. ஐந்து பேர் இடத்தில் படகை வைத்தேன். மேஜை விசிறியை எதிரே வைத்து, உடம்பெங்கும் நூல் துண்டுகளை ஒட்டினேன். காற்று ஒட்டிப் போகிற இடத்தில் நூல் படிந்து கிடக்கும், பிரிகிற இடத்தில் துடிக்கும். இன்னும் துல்லியமாகப் பார்க்க ஊதுபத்தி. முன்னால் ஊதுபத்தியைப் பிடித்தால் புகை முதுகில் வழிந்து வாலில் வந்து சேரும். ஒரு நாள் பக்கத்து வீட்டு அம்மாள் ஏதோ கொடுக்க வந்தவர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். விளக்கு, ஊதுபத்தி, மேஜைமேல் கருப்பாக ஒன்று. "எந்தச் சாமிங்க சார் இது?" என்றார். நான் விளக்க ஆரம்பித்தேன். "இருக்கட்டுங்க, எந்தச் சாமியா இருந்தா என்ன" என்று கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். இப்போதும் அந்த ஜன்னலைத் தாண்டும்போது செருப்பைக் கழற்றுகிறார்.

திருப்பத்தில் சறுக்குவது மாதிரி விசிறிக்குச் சற்றுக் குறுக்காகவும் வைத்துப் பார்த்தேன். எல்லா நூலும் படிந்தன, ஒன்றைத் தவிர. வாலின்மேல் எண் தகடு நிற்கிற இடம். ஒவ்வொரு படகுக்கும் ஓர் எண் உண்டு, என்னுடையது பதினேழு. உள்ளங்கை அகலத் தகட்டில் எழுதி மேல்தளத்தில் நிமிர்த்தி வைப்பார்கள், எண்ணுபவருக்குத் தெரிவதற்காக. நேராகப் போகும்போது அது கத்தி மாதிரிக் காற்றில் நுழைந்துவிடும். திருப்பத்தில்தான் வினை. படகு ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு இன்னொரு பக்கம் சறுக்கும். அப்போது தகடு கதவு மாதிரி குறுக்கே நிற்கும். அங்கே காற்று பிரிந்து வால் முழுக்கக் கெட்டுவிடுகிறது. இத்தனை மாத உழைப்பு, கடைசி நாலு அங்குலத்தில் ஒரு கதவு.

கழற்றிவிட்டேன். எண்ணை மேல்தளத்திலேயே படுக்கையாக எழுதினேன். வெள்ளை எழுத்து, பளபளவென்று. விதியில் 'எண் படகில் இருக்க வேண்டும்' என்றுதான் இருக்கிறது. நிற்க வேண்டும் என்று இல்லை. அந்த விதியையும் நான்தான் எழுதினேன், எனக்குத் தெரியாதா?

துரைவேலுவிடம் காட்டினேன். தண்ணீரில் விட்டு ஒரு வட்டம் ஓட்டினேன். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"நம்பரு தெரியலீங்க சார்."

"எழுதியிருக்கிறது."

"எழுதியிருக்குதுங்க. கரையிலிருந்து தெரியலீங்க. மேல இருந்து பார்த்தாத் தெரியும். பருந்து எண்ணறதா இருந்தா ஒண்ணும் பிரச்சனை இல்லீங்க."

கண்ணாடி விற்கிறவருக்கு எல்லோருக்கும் கண் தெரியவில்லை என்றுதான் தோன்றும், அது தொழில் வியாதி. அவரிடமே அதைச் சொன்னேன். சிரித்தார். சிரித்துவிட்டு, "சார், ஆவணி பொறந்ததுமுங்க..." என்று ஆரம்பித்தார். ஆவணியில் வெறும் ஞாயிற்று ஓட்டம்தான், ஆடி கடைசி ஞாயிறுதான் கோப்பை, இதுகூடத் தெரியாமல் இத்தனை வருஷம் எண்ணியிருக்கிறார். திருத்தினேன். அவர் பிளாஸ்கை மூடினார்.

ஆடி கடைசி ஞாயிறு. நாலு படகு. காற்று என்றால் காற்று, மிதவைகள் இரண்டும் சாய்ந்து கிடந்தன. எனக்கு எண்ணுவதற்கு வந்தவர் மகுடீஸ்வரன் மனைவி சுகந்தி. மகுடீஸ்வரனுக்கு எண்ணுவது துரைவேலு. மகுடீஸ்வரன் சாயப்பட்டறை வைத்திருப்பவர், எண் நாலு, ஊசி மூக்கு, அதைத் தவிர நல்ல மனிதர்.

முதல் சுற்றிலேயே ஒரு படகு மல்லாந்தது. இரண்டாவதில் இன்னொன்று. மகுடீஸ்வரன் அக்கரையில் வேகத்தைக் குறைத்தார். நான் குறைக்கவில்லை. எப்படிச் சொல்வேன் உங்களுக்கு? எதிர்க்காற்றில் அது எழும்பவே இல்லை. ஒரு விரற்கடை உயரத்தில், தண்ணீருக்கும் தனக்கும் பகை இல்லாதது மாதிரிப் போயிற்று. நுரையே இல்லை. சத்தம்கூடக் குறைவு. எத்தனையோ வருஷமாக நான் காகிதத்தில் போட்டுப் பார்த்த ஒன்று கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது. மூன்றாவது சுற்றில் மகுடீஸ்வரனைத் தாண்டினேன். ஆறு சுற்று முடிந்தபோது அவர் அரைச் சுற்றுப் பின்னால் இருந்தார். கரைக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன். துரைவேலு எங்கே என்று பார்த்தேன். அவர் இன்னும் மகுடீஸ்வரன் படகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அது கரைக்கு வருகிறவரைக்கும் பார்த்தார். அவ்வளவு ஒழுங்கு.

கிளப் தலைவர் கந்தப்பன், மாட்டு டாக்டராக இருந்தவர், இப்போதும் மாட்டை அதட்டுகிற குரல். "நாலாம் நம்பர், ஆறு சுத்து. பதினேழு, ரெண்டு சுத்து" என்றார்.

"ஆறு" என்றேன்.

"ரெண்டுன்னு காட்டுதுங்க ஆதிமூலம் சார்."

சுகந்தி விரலிலிருந்து மெஷினைக் கழற்றிக் கொடுத்தார். "திருப்பத்துல படகு சாயறப்போ ரெண்டு தரம் நம்பர் தெரிஞ்சுதுங்க, அமுக்குனேன். அப்புறம் கருப்பா என்னமோ போச்சு. எங்கூட்டுக்காரரு படகும் கருப்புதானுங்க. கருப்பாப் போனதுக்கெல்லாம் அமுக்கியிருந்தா உங்களுக்குப் பன்னண்டு வந்திருக்குமுங்க."

எண் தெரிகிற படகு நாலாம் நம்பர் என்றால், எண் தெரியாத படகு பதினேழு. சாதாரணத் தர்க்கம். அதை எடுத்துச் சொன்னேன். தலைவர், "நம்பர் தெரியாததெல்லாம் உங்களுதுன்னா, அங்க போற நீர்க்கோழியும் உங்களுதுதானுங்களே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மகுடீஸ்வரன் மட்டும் சிரிக்கவில்லை. "சார் என்னையத் தாண்டுனாருங்க, நானே பார்த்தேன். ஆனா ஓட்டறவன் சாட்சி செல்லாதுன்னு எழுதியிருக்குதுங்களே" என்றார்.

எழுதியிருக்கிறது. யார் எழுதியது என்று அவர் பெருந்தன்மையாகச் சொல்லவில்லை.

அப்போதுதான் எனக்குத் துரைவேலு ஞாபகம் வந்தது. கரையில் என் பக்கத்திலேயே நின்றவர். என் படகின் மோட்டார் சத்தத்தைத் தூக்கத்தில்கூட அடையாளம் சொல்லக்கூடியவர். தலைவரும் அவரைத்தான் கேட்டார்.

"துரைவேலு, நீங்க பார்த்தீங்களா?"

"நான் நாலாம் நம்பரைப் பார்த்துட்டிருந்தனுங்க."

"பதினேழு எத்தனை ஓடுச்சு?"

"எனக்குக் கொடுத்தது நாலுங்க."

"ஓரக்கண்ணுலகூடப் படலீங்களா?"

துரைவேலு என்னைப் பார்த்தார். "கண்ணெடுத்தும் பாக்கப்படாதுங்களே" என்றார். என்னைப் பார்த்துச் சொன்னார். ஒரு மாதிரி மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு.

ஒரு வார்த்தை. 'ஆறு' என்கிற ஒரே வார்த்தை. அதைச் சொல்லியிருக்கலாம். அவர் பொய் சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. உண்மையில் ஆறுதான் ஓடியது, ஆகவே ஆறு என்று சொல்வது எப்படிப் பொய்யாகும்? பார்க்காமல் சொன்னாலும் உண்மை உண்மைதானே? மரத்தடியில் அவருக்கு இதை நிதானமாக விளக்கினேன். விதி என்பது அயலாருக்கு. பழகினவர்களுக்குள் ஒரு புரிதல் இருக்க வேண்டும். கோப்பை எனக்கு முக்கியமில்லை. அந்தப் படகு அப்படி ஓடியதை நான் பார்த்தேன், நான் மட்டும்தான் பார்த்தேன். இன்னொருவரும் பார்த்தார் என்று இருந்தால் போதும். அதைச் செய்ய உங்களுக்கு மனம் வரவில்லை, இனிமேல் நீங்கள் எனக்காக வர வேண்டாம் என்றேன். ஒரு கால் மணி நேரம் பேசியிருப்பேன்.

அவர் குறுக்கே பேசவில்லை. "அப்படீங்களா" என்றும் சொல்லவில்லை. "சரிங்க சார்" என்றார். பிளாஸ்கை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். வழக்கமாக இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் திரும்புவோம்.

சரி, கோபம் ஒரு வாரம் இருக்கும் என்று பார்த்தேன். அடுத்த ஞாயிறு வரவில்லை. நான்தான் வர வேண்டாம் என்றேன், இருந்தாலும் அதை அவ்வளவு அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டுமா? மறுநாள் டவுன்ஹால் பக்கம் போக வேண்டியிருந்தது. போக வேண்டிய வேலை ஒன்றும் இல்லை, போனேன். கடை பூட்டியிருந்தது. போர்டைக்கூடக் கழற்றியிருந்தார்கள். பக்கத்துக் கடையில் பூட்டு, சாவி விற்கிறவர் இருந்தார். "காலி பண்ணிட்டுப் பையன்கிட்டப் போயிட்டாருங்க. ரெண்டு மாசமா எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத்தான இருந்தாரு" என்றார்.

எல்லோரிடமும் சொன்னாராம். என்னிடம் மட்டும் சொல்லவில்லை. ஒரு கோப்பைத் தகராறுக்காக நல்லபடி நடக்கிற கடையை மூடிவிட்டு ஊரைவிட்டே போகிறார் என்றால், மனதுக்குள் எவ்வளவு வன்மம் இருந்திருக்கும், பாருங்கள். என்னால் அப்படியெல்லாம் முடியாது. நான் மறந்துவிடுகிறவன்.

என்ன, ஏன் இப்படிப் பார்க்கிறீர்கள்? வெயில் அடிக்கிறதா? திரையை இழுத்துவிடட்டுமா?

போன வாரம் போன் செய்தார். குற்ற உணர்ச்சி, வேறென்ன. ஓசூரில் குளிர் அதிகம் என்றார். மருமகள் நல்ல பெண், ஆனால் பகலெல்லாம் வீட்டில் யாரும் இல்லை என்றார். எனக்கு ஒரு புது விஷயம் தெரியவந்திருந்தது, வாலை இன்னும் அரை அங்குலம் நீட்டினால் என்ன ஆகும் என்று. அதைச் சொன்னேன். நேரமாகிவிட்டது, இருபது நிமிஷம் இருக்கும். லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். "அப்படீங்களா" என்றார். சரியான இடத்தில்.

பிறகு அவரே கேட்டார்: "ஞாயித்துக்கெழமை ஓட்டறீங்களா சார்?"

"ஆள் இல்லை" என்றேன்.

"பஸ்ல பக்கத்துல உக்காரறவங்களக் கூட்டிட்டுப் போங்க சார். என்னைய நீங்க அப்படித்தானுங்களே புடிச்சீங்க."

உண்மைதான். இதே பஸ். கண்ணாடிச் சட்டங்கள் ஒரு பெட்டி நிறைய வைத்துக்கொண்டு எங்கேயோ போய்க்கொண்டிருந்தார். எங்கே என்று நான் கேட்கவில்லை. கடைசி நிறுத்தம்வரை வந்துவிட்டார். அன்றைக்கு அவர் போக வேண்டிய இடம் எதுவாக இருந்திருக்கும்? போனில் கேட்டிருக்கலாம். இப்போதுதான் தோன்றுகிறது.

அடுத்தது கடைசி நிறுத்தம். உங்களுக்கு எந்தத் திறமையும் தேவையில்லை, கண் தெரிந்தால் போதும். ஒரு படகை மட்டும் பார்க்க வேண்டும், அது கடக்கும்போதெல்லாம் அமுக்க வேண்டும். பன்னிரண்டுக்குள் முடிந்துவிடும், இதே பஸ் திரும்பிப் போகும், உங்கள் மனைவி வெளியே வருவதற்குள் வாசலில் நிற்கலாம். வருகிறீர்களா?

வருகிறீர்கள். சரி. நல்லது.

உங்களுக்கு மகுடீஸ்வரன் படகு கிடைக்கலாம், வேறு யாருடையதாகவும் இருக்கலாம். எதைக் கொடுத்தாலும் அதையே பாருங்கள். என் படகைப் பார்க்கக் கூடாது. விதி கடுமையானது. அக்கரையில் எதிர்க்காற்றில் போகும்போது மட்டும், உங்கள் படகு இந்தப் பக்கம் வருவதற்குக் கொஞ்சம் நேரம் இருந்தால், ஒரு தடவை பார்த்தால் நான் யாரிடமும் சொல்லமாட்டேன்.

பெயரைக் கேட்கவே இல்லையே. என்ன பெயர்? அன்பழகனா? உங்கள் மனைவி என்ன பரீட்சை எழுதுகிறார்? இறங்கி நடந்துகொண்டே சொல்லுங்கள், கேட்கிறேன்.

பார்த்து, அந்த முனையைத் தாழ்த்திப் பிடியுங்கள். மூடி முழுக்க மூடாது, கயிறு கட்டியிருக்கிறேன். உள்ளே வாலின்மேல் தகடு நிற்கிறது. நேற்று வைத்தேன், நிமிர்த்தி. வெள்ளைத் தகடு, கருப்பில் பதினேழு. சாயங்காலம் தனியாக ஓட்டிப் பார்த்தேன். மணிக்கு ஒன்றரை கிலோமீட்டர் குறைகிறது.